பெரணி இலையின் அடியில் இருந்த பொட்டுகள்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. என் கையெழுத்து கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயம் கிடையாது. பத்திரிகை ஆபீசில் யாரோ ஒரு புண்ணியவான் வாராவாரம் உட்கார்ந்து திருத்துகிறார். இந்த வாரம் அவருக்கு வேலை கூடுதல்.

கோயமுத்தூரில் மில் வேலை போனதும், ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் காவலுக்கும் தண்ணீர் கட்டவும் நாங்கள் குடிவந்ததும் போன வாரம் எழுதிவிட்டேன். அதற்கு அடுத்து நடந்ததைத் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். தாண்ட முடியவில்லை.

மிளகாய் வரிசை

மாசாணியம்மன் கோயிலில், மிளகாய் அரைக்கிற கல்லுக்கு முன்னால் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். வெயில் ஏறுகிற நேரம். எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். எனக்கு நேர் முன்னால் என் வீட்டுக்காரி சரசு. அவள் கையில் ஒரு காகிதப் பொட்டலம். அதற்குள் வற்றல் மிளகாய்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பொருள் களவு போனால், நம்பின ஆள் மோசம் செய்தால், மாசாணிக்கு மிளகாய் அரைத்து அங்கே இருக்கிற நீதிக்கல்லில் பூசுவார்கள். செய்தது யார் என்று தெரியவேண்டியதில்லை. அம்மனுக்குத் தெரியும். செய்தவன் எந்த ஊரில் இருந்தாலும் அவன் உடம்பு மிளகாய் பட்ட மாதிரி எரியும் என்பார்கள். நியாயம் கிடைத்த பிறகு திரும்ப வந்து அம்மனைக் குளிர்விக்க வேண்டும்.

கல்லில் ஒரு அம்மா அரைத்துக்கொண்டிருந்தார். வாய்க்குள் யாரையோ திட்டிக்கொண்டே அரைத்தார். குழவி போய் வரும்போதெல்லாம் நெடி கிளம்பியது. வரிசையில் எல்லோரும் தும்மினார்கள். எனக்குத் தும்மல் வரவில்லை. கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டேன்.

சரசு திரும்பிப் பார்த்தாள்.

“ஏனுங்க, கண்ணெல்லாம் செவந்துபோச்சு. சித்த அக்கட்டால போயி நில்லுங்க.”

“இல்ல, இருக்கட்டும்.”

“எரியோணும்னா திருடுன நாய்க்கு எரியோணும். உங்களுக்கு எதுக்குங்க எரியுது?”

தெரியாமல்தான் கேட்டாள். எந்தத் திருடனை நினைத்து அவள் அந்த மிளகாயைப் பொட்டலம் கட்டினாளோ, அந்த ஆள் அவளுக்கு ஒரு முழம் பின்னால் நின்றுகொண்டிருந்தான். நான்தான்.

டால்டா டப்பாவில் வந்தது

களவு போனதாக அவள் நினைத்தது நகையோ ஆடோ அல்ல. பதினொரு தொட்டிப் பெரணிச் செடி.

சரசு பிறந்தது வால்பாறையில், தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில். வீட்டுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் ஓடும் ஓடை. ஓடைக் கரையில், சோலை மரங்களின் நிழலில், அந்தப் பெரணி இடுப்பளவுக்கு நிற்குமாம். அவள் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. எல்லோரும் பாத்திரமும் கட்டிலும் ஏற்றிக்கொண்டிருக்க, இவள் போய்க் கரையில் ஒரு தூரைப் பெயர்த்து, டால்டா டப்பாவில் வைத்து மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கினாள். அந்த வீட்டில் இன்றைக்கு யாரோ இருக்கிறார்கள். அவளிடம் அந்த வீட்டின் சாவி என்று சொல்வதற்கு இருந்தது அந்தச் செடி ஒன்றுதான்.

மலைச் செடி கீழே பிழைக்காது என்றார்கள். பிழைத்தது. தோப்பில் தண்ணீர்த் தொட்டிக்கு வடபுறம், நாள் முழுக்க வெயில் படாத இடம் ஒன்று உண்டு. அங்கே வைத்தாள். மண்ணோடு மக்கின தென்னை நாரும் சருகும் பாதிக்குப் பாதி. தண்ணீரைத் தூரின் நடுவில் ஊற்றக் கூடாது, சுற்றித்தான் ஊற்ற வேண்டும். நடுவில் ஊற்றினால் குருத்து அழுகும். சித்திரை வெயிலில் இலையெல்லாம் காய்ந்து விழும். செத்தது என்று நினைப்போம். அடியில் கிழங்கு மாதிரி ஒன்று உயிரோடு இருக்கும். முதல் மழைக்குச் சுருட்டிக்கொண்டு மேலே வரும். அந்தச் சுருளின் மேல் பழுப்பாக மயிர் மூடியிருக்கும், பிறந்த ஆட்டுக்குட்டியின் காது போல. மூன்றாம் வருஷம் கொடுவாளால் தூரைப் பிளந்து வேறு தொட்டிகளில் வைத்தோம். அப்படிப் பதினொன்று ஆயின.

தேங்காய் போட வரும் வேலாயுதத்துக்கு இந்தச் செடிகளைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது.

“சரசக்கா, இது காய்க்குமுங்களா?”

“காய்க்காது.”

“பூக்குமுங்களா?”

“பூக்காது.”

“அப்பறம் என்னத்துக்குங்க்கா தண்ணி ஊத்தறீங்க? சும்மா நிக்கறதுக்குத்தான் ஊட்ல மாரப்பண்ணன் இருக்காருல்லங்க.”

மாரப்பன் நான்தான். சரசு சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். என்னைப் பற்றி யாராவது பேசினால் எனக்குச் சிரிக்க மட்டும்தான் தெரியும்.

எது எந்தப் பெரணி

கிணற்றுச் சுவரிலும் பெரணி முளைக்கும். அது தானாக வருவது, எங்கள் தோப்புக் கிணறு முழுக்க உண்டு. தெரியாதவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். சரசு எனக்குக் காட்டிக் கொடுத்தாள். கிணற்றுப் பெரணியின் காம்பு மொழுமொழுவென்று இருக்கும். அவள் செடியின் காம்பு அடியில் பழுப்புச் செதில் ஒட்டிக்கொண்டிருக்கும், மீன் செதிலை உலர்த்தி ஒட்டினது போல. இலை நடு ஈர்க்கிலிருந்து ஒருமுறை பிரிந்து, பிரிந்தது மறுபடியும் பிரியும்.

இலையின் அடிப்பக்கத்தை மட்டும் அவள் எனக்குக் காட்டவில்லை. காட்ட வேண்டும் என்று தோன்றியிருக்காது. நானும் கேட்கவில்லை.

நான் எதையும் கேட்கிறவன் இல்லை. மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ, யாரோ வாத்தியார் மேசையிலிருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டை உடைத்துவிட்டார்கள். யார் உடைத்தது என்று அவர் கேட்டபோது எல்லோரும் ‘நான் இல்லைங்க சார்’ என்றார்கள். எனக்கு மட்டும் வாய் வரவில்லை. வாய் வராதவன்தான் உடைத்தான் என்று ஆனது. அடியைவிட, அந்த நேரம் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதுதான் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வீட்டுக் கஷ்டம் என்று எல்லோரிடமும் சொல்வேன். கஷ்டம் இருந்தது. இதுவும் இருந்தது.

பொட்டு

ஒரு நாள் காலையில் ஒரு தொட்டியை இடம் மாற்றித் தூக்கினேன். இலை ஒன்று என் முகத்துக்கு நேராகத் திரும்பியது. அடியில் முழுக்கப் பொட்டு. பழுப்புப் பொட்டு, ஒவ்வொன்றும் கடுகைவிடச் சிறிசு. வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

எலுமிச்சையிலும் கொய்யாவிலும் வரும் செதில் பூச்சியை நான் பார்த்திருக்கிறேன். இப்படித்தான் அசையாமல் ஒட்டிக்கொண்டு இருக்கும். பூச்சி என்றே தோன்றாது. அதற்குள் மரம் சொத்தையாகிவிடும்.

அடுத்த தொட்டியைத் திருப்பினேன். அதிலும். அதற்கடுத்ததிலும்.

சரசுவிடம் சொல்லியிருக்கலாம். அம்மா வீட்டுச் செடிக்கு நோய் என்று எப்படிச் சொல்வது? நானே சரிசெய்துவிட்டால் அவளுக்குத் தெரியாமலே போகும் என்று நினைத்தேன். வேப்பெண்ணெய்ச் சோப்பைக் கரைத்துத் துணியில் நனைத்து ஒரு இலையைத் துடைத்தேன். இலை கருகியது. அப்புறம் வெறும் தண்ணீர்தான். அவள் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகும் நேரம் பார்த்து, ஒவ்வொரு இலையாகத் திருப்பித் துடைப்பேன். துணி பழுப்பாகும். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் சொட்டும் இடத்தில், செங்கல் மேல் அலசிப் பிழிவேன். திரும்ப வருவேன்.

இரண்டு வருஷம் இப்படி. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் புது இலையில் பொட்டு வரும். நான் துடைப்பேன். அவள் வரும் சத்தம் கேட்டால் துணியை மடியில் சொருகிக்கொள்வேன்.

கறுப்பு

பிறகு தென்னைக்கு வெள்ளை ஈ வந்தது.

எங்கள் பக்கம் தோட்டத்துக்காரரைப் பண்ணாடி என்போம். எங்கள் பண்ணாடிக்கு வீடு கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில். சனிக்கிழமைகளில் காரில் வருவார், அவர் வீட்டம்மாவும் வருவார். அந்தச் சனிக்கிழமை இருவரும் மட்டைகளை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். ஓலைக்கு அடியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டினது போல இருந்தது. மட்டையெல்லாம் கரி பூசினது மாதிரி கறுப்பு.

நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தேன். பெரணி இலைகள் மேலே ஒரே கறுப்பு. விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. தென்னையில் இருந்ததைவிட அங்கேதான் அதிகம்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது போல இருந்தது. மலையிலிருந்து வந்த செடி. அதன் அடியில் பூச்சி. நான் இரண்டு வருஷம் மறைத்த பூச்சி. அங்கிருந்து மரத்துக்கு ஏறிவிட்டது.

“எவன் தோப்புல இருந்து வந்துச்சோ, எவன் கொண்டாந்து உட்டானோ,” என்று பண்ணாடி வீட்டம்மா சொன்னார். “மாசாணிக்கு மொளகா அரைச்சுப் பூசிப்போடறேன் பாருங்க. அப்பத்தான் புத்தி வரும்.”

சொல்லிவிட்டு அவர் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். சரசுவைக் கூப்பிட்டு, “அம்மணி, உன்ற செடில ரெண்டு தொட்டி எனக்கு எடுத்து வையி. மாடிப்படில வெச்சா நல்லாருக்கும்” என்றார்.

அந்தச் செடியா, அவர்கள் வீட்டுக்குள்ளா? நாளைக்கு யாராவது படித்தவர் திருப்பிப் பார்த்துச் சொல்லிவிட்டால்? தோப்பு போகும், வேலை போகும், இருக்கிற வீடும் அவர்களுடையதுதான். அதைவிட அந்த மிளகாய். அன்று சாயங்காலம் குளிக்கும்போது முதுகு எரிந்தது. சோப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளகோவில் கல்யாணம்

வெள்ளகோவிலில் சரசுவின் சித்தப்பா பெண்ணுக்குக் கல்யாணம். தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை இருக்கிறது என்று சொல்லி அவளை மட்டும் அனுப்பினேன். இரண்டு நாள்.

பஸ் ஏற்றிவிட்டு வந்த கையோடு வேலையைத் தொடங்கினேன். பதினொரு தொட்டியையும் கவிழ்த்தேன். மட்டை எரிக்கும் குழியில் போட்டுத் தீ வைத்தேன். எரியவில்லை. பச்சைத் தூர், உள்ளே ஈரம். புகை மட்டும் வந்தது. காய்ந்த மட்டையும் பாளையும் போட்டுக்கொண்டே இருந்தேன். பொழுது சாய்ந்தும் அந்தக் கிழங்குகள் கரி பிடித்து அப்படியே கிடந்தன. கடப்பாரையால் நசுக்கி மறுபடி போட்டேன். உயிரை விடவே மாட்டேன் என்கிற செடி அது. வெறும் தொட்டிகளை எடுத்துப் போய்ப் பாழுங்கிணற்றில் போட்டேன். ஒவ்வொன்றும் விழுந்த சத்தம் தனித்தனியாகக் கேட்டது.

அவள் வந்தாள். கல்யாணச் சேலையைக்கூட மாற்றவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு வடபுறம் பார்த்தபடி நின்றாள்.

“எங்கீங்க?”

“காலைல பாத்தா இல்ல” என்றேன். “எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்.”

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. உள்ளே போய் மிளகாய் டப்பாவைத் திறந்தாள்.

கல்லுக்கு முன்னால்

எங்கள் முறை வந்தது.

சரசு முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தாள். பொட்டலத்தில் பாதி மிளகாயைக் கல்லில் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். அரைக்கத் தொடங்கினாள். முன்னால் அரைத்த அம்மாவைப் போல இவள் திட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அரைத்தாள். விழுது சிவப்பாக வழிந்தது. வழித்து உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். நீதிக்கல் பத்தடி தூரத்தில் இருந்தது.

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் நான்கைந்து எட்டு வைத்துவிட்டாள். நான் அவள் பின்னால் போய் ஏதோ சொன்னேன். அந்தச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

“என்னுங்க?”

“செடி.”

“செடிக்கென்னுங்க?”

“நாந்தான்.”

அவளுக்குப் புரியவில்லை. கையில் விழுதோடு என்னைப் பார்த்தாள். அப்போது நான் சத்தமாகச் சொன்னேன். என் வாழ்நாளில் நாலு பேர் நடுவில் அவ்வளவு சத்தமாக நான் பேசியது கிடையாது.

“திருட்டுப் போகுலெ. நாந்தான் எரிச்சுப்போட்டேன். பூசாத, சரசு.”

எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள் என்று தெரியாது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளங்கையிலிருந்து ஒரு சொட்டு என் கால் பெருவிரலில் விழுந்தது. பின்னால் வந்த ஒரு அம்மாவுக்கு மட்டும் பொறுமை இல்லை.

“ஏனுங்க, பூசறவீங்க பூசுங்க. பூசாதவீங்க வழிய உடுங்க.”

சரசு கையைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். பிறகு வரிசையை விலக்கிக்கொண்டு வெளியே குழாயடிக்குப் போனாள். நான் குழாயைத் திறந்துவிட்டேன். அவள் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். சிவப்பு போனது. எரிச்சல் போகவில்லை. விரல்களை விரித்து ஊதிக்கொண்டே பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தாள்.

அவள் கேட்ட கேள்விகள்

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஆழியாறு ரோட்டுப் பிரிவு தாண்டினபோதுதான் வாய் திறந்தாள்.

“எதுக்குங்க?”

சொன்னேன். பொட்டு. செதில் பூச்சி. இரண்டு வருஷம் துடைத்தது. வெள்ளை ஈ. பண்ணாடி வீட்டம்மா சொன்ன மிளகாய். எல்லாவற்றையும் முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சொல்லி முடித்தபோது எங்கள் நிறுத்தம் தாண்டிவிட்டது. இருவரும் இறங்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தோம்.

“பொட்டு வரிசையா இருந்துச்சுங்களா?” என்றாள். “நடு ஈர்க்குக்கு ரெண்டு பக்கமும், சோடி சோடியா?”

“ஆமா.”

“ஒவ்வொண்ணும் அவரை வெதையாட்ட வளைஞ்சு?”

“அவ்வளவு கிட்டத்துல பாக்குலெ.”

“பூச்சி வரிசை புடிச்சு நிக்குமுங்களா?”

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“அது வெதைங்க” என்றாள். “பூக்காத செடிக்கு வெதை அங்கதான். நாங்க சின்னப்புள்ளைல இலையப் புஸ்தகத்துக்கு நடுவுல வெச்சு மூடுவோம். ரெண்டு நாள் கழிச்சுத் தொறந்தா, பழுப்புப் பொடில அந்த இலை அப்படியே அச்சா உழுந்திருக்கும். பள்ளிக்கொடத்து நோட்டு பூரா அதான்.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு வார்த்தை. இரண்டு வருஷத்தில் என்றைக்காவது ஒரு நாள், ‘சரசு, இதென்ன பொட்டு’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை.

நடந்து தோப்புக்குத் திரும்பும்போது இன்னொரு கேள்வி கேட்டாள். நான் அடுத்து எதை வேண்டுமானாலும் எதிர்பார்த்தேன், இதை எதிர்பார்க்கவில்லை.

“அந்தத் துணிய எங்கீங்க பிழிஞ்சீங்க?”

பிழிந்த இடம்

செங்கல்லைக் காட்டினேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள். செங்கல் மேலும் தொட்டிச் சுவர் அடியிலும் பச்சையாக வழவழவென்று ஏதோ படர்ந்திருந்தது. பாசி என்று நான் பலமுறை மிதித்திருக்கிறேன். நல்லவேளை, தேய்த்துக் கழுவியதில்லை. அதற்குள் உளுந்து அளவில் சின்னச் சின்ன இலைகள், இதய வடிவத்தில், மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொண்டு.

“இனி இங்க யாரும் சோப்புத் தண்ணி ஊத்தக் கூடாது” என்றாள்.

“உன்ற செடிதானா?”

“யாருக்குத் தெரியும்? கெணத்துச் செவுத்துப் பெரணிப் பொடியும் காத்துல வந்து உழும். குஞ்சுல எல்லாம் ஒண்ணாட்டத்தான் இருக்கும். வளரட்டும், பாப்போம். அது வரைக்கும் இந்தப் பேச்சு வேண்டாமுங்க.”

வீட்டுக்குள் போனாள். மீதி மிளகாய் இருந்த பொட்டலத்தை நூல் சுற்றி, அடுப்புக்கு மேல் பலகையில் வைத்தாள். சமையலுக்கு வேறு மிளகாய் வாங்கச் சொன்னாள். அந்தப் பொட்டலத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் என் கண்ணுக்கு நேராக அது இருக்கும். எண்ணெய்ப் புகை படிந்து காகிதம் வருஷத்துக்கு வருஷம் கறுத்தது. அதை அவிழ்க்காமல் வைத்திருப்பதற்கு என்ன அர்த்தம் என்று நினைத்தால் சோறு இறங்காது.

பண்ணாடியிடம் சொல்வதற்கு எனக்கு இன்னும் ஒரு மாசம் ஆனது. இந்த முறை நானாகப் போய்ச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “ஏப்பா மாரப்பா, பொள்ளாச்சி சுத்துப்பட்டுல வெள்ளை ஈ வராத தோப்பு எதுன்னு சொல்லு பாக்கலாம். உன்ற செடி என்ன, பஸ்சு புடிச்சு ஒவ்வொரு தோப்பாப் போச்சா?” என்றார். மேலே ஓலையில் இருக்கும் ஈ இனிப்பாக ஒரு நீரைக் கீழே சொட்டுமாம். அது விழுந்த இடத்தில்தான் கறுப்புப் பிடிக்கும். மேலிருந்து கீழே விழுந்ததை நான் கீழிருந்து மேலே ஏறினதாக நினைத்திருக்கிறேன்.

“பயந்தவனுக்கு எல்லாமே தலைகீழாத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவர் வீட்டம்மாவுக்கு மிளகாய் விஷயம் ஞாபகமே இல்லை. தொட்டி எப்போது தருவாள் சரசு என்றுதான் கேட்டார்.

அந்தப் பயம் அத்தோடு போனது. அடுப்புக்கு மேல் இருந்த இன்னொன்று போகவில்லை.

முதல் மழைக்காலத்தில் இதய வடிவ இலைகளின் நடுவிலிருந்து நூல் மாதிரி ஒரு தளிர் வந்தது. வெயில் காலத்தில் ஈரச் சாக்கைச் சுற்றிப் போட்டுக் காப்பாற்றினேன். பாதி போனது, பாதி நின்றது. இரண்டாம் மழைக்குச் சுண்டுவிரல் உயரம் ஆனது. காம்படியில் செதில் இருக்கிறதா என்று பார்த்தேன். பழுப்பாக ஏதோ இருந்தது. சரசுவைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்துவிட்டு, “மண்ணா இருந்தாலும் இருக்கும்” என்றாள்.

பொட்டு வரட்டும், அதைப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றாள். அது வந்தாலும் எந்த வடிவில் வருகிறது என்று பார்க்க வேண்டும். கிணற்றுப் பெரணிக்கு இலை ஓரத்தில் கோடாக வருமாம். இவள் செடிக்கு நடுவில், இரண்டு வரிசையாக.

இரண்டு வருஷம் எந்தப் பொட்டு வரக்கூடாது என்று ஒளிந்து ஒளிந்து துடைத்தேனோ, அதே பொட்டு வரவேண்டும் என்று தினமும் விடிந்ததும் போய் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தேன். வராமலே போனால் என்ன செய்வது என்ற பயம். ஓரத்தில் கோடாக வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். வேலாயுதம் மரத்து மேலிருந்து கத்துவான்: “ஏனுங்ணா, குனிஞ்சு குனிஞ்சு யாரைக் கும்புட்டுட்டு இருக்கறீங்க?”

இன்று காலையில் வழக்கம்போலக் குனிந்தேன். வலதுபக்கம் மூன்றாவது செடி. இலையைத் திருப்பினேன்.

நடு ஈர்க்குக்கு இரண்டு பக்கமும். சோடி சோடியாக. ஒவ்வொன்றும் அவரை விதை போல வளைந்து.

சத்தம் போட்டுக் கூப்பிட்டேன் போலிருக்கிறது. சரசு கரண்டியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் ஒன்றும் சொல்வதற்கு முன்னால், பழைய பழக்கத்தில், எனக்கே தெரியாமல் என் கை இடுப்பில் சொருகியிருந்த துண்டை எடுத்துவிட்டது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் விடவில்லை.

“போதும், துடைச்சது” என்றாள்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். அடுப்புக்கு மேல் பலகையில் பொட்டலத்தைக் காணோம். குழம்பில் முழு மிளகாய் மிதந்துகொண்டிருந்தது. வருஷக்கணக்கில் கிடந்த மிளகாய், காரம் செத்துப்போயிருந்தது.

“காரம் பத்துதுங்களா?” என்று கேட்டாள்.

“பத்துது” என்றேன்.

ஐப்பசி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை, மழை விட்ட பிற்பகலில் எழுதியது.